புதிய வீடும் பழைய ஊரும்

வீடு கட்டுவது ஒருவருடைய செயல். ஊர் அமைவது பலருடைய செயல். சுவரும் கூரையும் தளமும் வீட்டுக்கு உரியவரின் பணத்தால் எழும்பிவிடும். ஆனால் வாயிலைக் கடந்து காலடி வைத்தவுடன் தெரு வேண்டும். தெருவில் விளக்கு வேண்டும். குழாயில் நீர் வேண்டும். பயன்படுத்திய நீர் வெளியேற வழி வேண்டும். பெய்த மழை வடிய வேண்டும். குழந்தைகள் படிக்கப் பள்ளியும், ஓடி விளையாடத் திடலும் வேண்டும். இவற்றைத் தனி ஒருவர் தம் மனைக்குள்ளேயே அமைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஒவ்வொரு புதிய வீடும் தன்னோடு ஒரு வினாவையும் கொண்டுவருகிறது. அந்த வீட்டிற்காக ஊர் செய்ய வேண்டியவற்றுக்கு யார் பணம் கொடுப்பது? முன்பே ஊரில் குடியிருப்பவரா? புதிதாக வருபவரா? வீடு கட்டி விற்பவரா? நிலத்தை விற்றவரா? அல்லது அரசா? இவ்வினாவைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இது ஏட்டளவில் எழும் வினா அன்று. சென்னையின் மேற்கே உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் நாள்தோறும் எழுந்து நிற்கும் வினா. சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் வில்லிவாக்கத்தைத் தாண்டினால் கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று நிலையங்கள் அடுத்தடுத்து வரும். இன்று இவற்றுக்கிடையே வெற்றுநிலம் காண்பது அரிது. ஆனால் இது பழங்காலத்தில் ஏரிகளின் நாடு. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லிக்கு அப்பால் கடல்போல் விரிந்த செம்பரம்பாக்கம் ஏரி ஆகிய பெயர்களே இதற்குச் சான்று. பருத்திப்பட்டையும் திருவேற்காட்டையும் தொட்டுக்கொண்டு கூவம் ஆறு கிழக்கே ஓடுகிறது. ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்கு நீர் செல்லக் கால்வாய், கால்வாயின் கீழே வயல், வயலுக்கு மேட்டில் ஊர் என்று நம் முன்னோர் அமைத்த ஒழுங்கு அங்கே இருந்தது.

அவ்வயல்களின்மேல் இருபதாம் நூற்றாண்டு தொழிற்சாலைகளை எழுப்பிற்று. 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, நாட்டின் பொருளாதாரப் போக்கையே மாற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கிற்று. வேலை இருக்கும் இடத்திற்கு மக்கள் வருவார்கள். மக்கள் வரும் இடத்தில் வீடுகள் எழும். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 இலட்சம். 2011இல் அது 4 இலட்சத்து 66 ஆயிரம். ஆவடியில் அதே பத்தாண்டுகளில் 2 இலட்சத்து 29 ஆயிரம் என்பது 3 இலட்சத்து 46 ஆயிரமாக உயர்ந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. பெயர்கள் உயர்ந்தன. ஆனால் நிலத்துக்கு அடியில் கிடக்க வேண்டிய குழாய்கள் அதே வேகத்தில் வளரவில்லை.

ஒரு புதிய குடியிருப்பு ஊரின்மேல் ஏற்றும் சுமை எவ்வளவு என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்நூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நால்வர் என்றால் இரண்டாயிரம் பேர். பாதாளச் சாக்கடை உள்ள நகரில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் கைக்கொள்ளும் அளவு. அப்படியானால் அக்குடியிருப்புக்கு மட்டும் நாள்தோறும் 2 இலட்சத்து 70 ஆயிரம் லிட்டர் நீர் வேண்டும். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராக வெளிவரும் என்பது பொதுக் கணக்கு. அஃதாவது 2 இலட்சத்து 16 ஆயிரம் லிட்டர் கழிவுநீர். குழாய் இல்லையானால் 12 ஆயிரம் லிட்டர் கொள்ளும் லாரி ஒரே நாளில் பதினெட்டு முறை வந்து அதை அள்ளிச் செல்ல வேண்டும். அள்ளிய நீரை எங்கே கொட்டுவது என்பது அடுத்த வினா. அதற்கு விடை கூறாத இடங்களில் மழைநீர் வடிகாலும் ஏரியும் விடை கூறுகின்றன. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று போராட நேர்ந்தது அனைவரும் அறிந்ததே.

மழையின் கணக்கும் இத்தகையதே. வயலாக இருந்த நிலம் மழையில் ஒரு பகுதியைக் குடித்துவிட்டு எஞ்சியதை மெல்ல வெளியேற்றும். சிமெண்டுத் தரையோ பெய்ததைப் பெய்தவாறே தெருவுக்குத் தள்ளிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையால் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து, பட்டறைகளின் இயந்திரங்கள் நீரில் நின்றன. அந்த வெள்ளத்திற்கு எந்த ஒரு வீட்டையும் குற்றம் சாட்ட இயலாது. ஆயினும் ஆயிரம் கூரைகள் சேர்ந்தால் அதற்கேற்ற வடிகால் வேண்டும் என்பதை யாரே மறுப்பர்?

சரி, இவற்றையெல்லாம் சொத்துவரியைக்கொண்டு செய்யலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், ஆனால் அதில் காலத்தின் இடையூறு ஒன்று உண்டு. சொத்துவரி ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வருவது. குழாயோ, வீட்டில் குடியேறுவதற்கு முன்பே மொத்தமாகப் பணம் போட்டுப் பதிக்க வேண்டியது. மேலும், புதிய குடியிருப்புக்கான குழாய்க்கு முன்பே இருப்பவர்களின் வரிப்பணத்தைச் செலவிட்டால், பழைய தெருவின் பள்ளத்தை மூடப் பணம் இராது. அங்கே மனக்கசப்புத் தோன்றும். இதனால்தான், புதிய கட்டடத்தால் ஊருக்கு ஏற்படும் கூடுதல் சுமைக்கு ஈடாக, கட்டட அனுமதி வழங்கும்போதே ஒரு முறை மட்டும் ஒரு தொகை வாங்கும் வழக்கம் பல நாடுகளிலும் தோன்றியது. இதனைச் சுமைக் கட்டணம் என்று நாம் அழைக்கலாம்.

ஒரு பணிக்கென்று ஒரு தொகையை வாங்கி அதை அப்பணிக்கே செலவிடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் என்றே தனியாகத் திரட்டிய ஏரி ஆயத்தைப் பற்றி நம் கல்வெட்டுகள் பேசுகின்றன. பத்தாம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற ஒரு குழுவையே காட்டுகின்றன. பிற்காலத்தில், 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டம், நகரமைப்புத் திட்டத்தால் நிலமதிப்பு உயரும்போது அவ்வுயர்வில் ஒரு பங்கைப் பொதுச் செலவுக்குக் கேட்கும் முறையைக் கொணர்ந்தது.

இக்காலத்தில் தமிழ்நாட்டில் உள்ள ஏற்பாட்டைச் சுருக்கமாகக் கூறுகிறேன். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நிலத்தையோ கட்டடத்தையோ புதிய பயனுக்குக் கொண்டுவருவோரிடம் வளர்ச்சிக் கட்டணம் வாங்க இடம் தருகிறது. பின்னர் அச்சட்டம் திருத்தப்பட்டு, 2008இல் வந்த விதிகளின் வழியே உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிகள் கட்டணம் என்ற மற்றொன்று சேர்ந்தது. இது கட்டடத்தின் தளப்பரப்பைச் சதுர மீட்டர்க் கணக்கில் அளந்து வாங்கப்படுவது. இவையன்றி நிலமாகவே கொடுக்கும் முறையும் உண்டு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுவோர், சாலைகள் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுத்திடலுக்காக எழுதிக் கொடுக்க வேண்டும். மூவாயிரம் முதல் பத்தாயிரம் வரையிலான மனைக்கு நிலமாகவோ, அதன் மதிப்பைப் பணமாகவோ கொடுக்கலாம். இவ்விதி சட்டத்துக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கில், அது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே சுமைக் கட்டணம் என்பது நம்மிடம் இல்லாத ஒன்றன்று. கட்டணம் இருக்கிறது, கட்டுவோரும் செலுத்துகிறார்கள். அப்படியிருந்தும், செலுத்திய பின்னும் லாரியில் நீர் வாங்கும் குடியிருப்புகள் இருப்பது ஏன்? இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கிறது.

1954ஆம் ஆண்டில், சென்னை மாநிலத்தில் எழுந்த சிரூர் மடத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வகுத்துரைத்தது. வரி வேறு, கட்டணம் வேறு. வரி என்பது பொதுச்செலவுக்காக அனைவரிடமும் வாங்குவது. கொடுத்தவருக்கு இன்னது திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை. கட்டணமோ, ஒரு பணிக்கு ஈடாக வாங்குவது. வாங்கும் தொகைக்கும் செய்யும் பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். அறநிலையங்களிடம் அன்று வாங்கப்பட்ட பங்குத்தொகை, அரசின் பொதுநிதியில் கலந்துவிட்டதாலும், பணியின் செலவோடு பொருந்தாததாலும், கட்டணம் என்ற பெயருக்கு உரியதன்று என்று நீதிபதிகள் கூறினர். பிற்காலத் தீர்ப்புகள் இக்கொள்கையைச் சற்றுத் தளர்த்தின. காசுக்குக் காசு ஒத்திருக்க வேண்டுவதில்லை, பரந்த அளவில் தொடர்பு இருந்தால் போதும் என்றன. ஆயினும் ஒரு பணிக்கு ஈடாக வாங்கும் கட்டணத்தில் தொடர்பே வேண்டா என்று அவை கூறவில்லை.

இந்த அளவுகோலை நம் மேற்குப் புறநகரின்மேல் வைத்துப் பாருங்கள். கட்டட அனுமதியில் முதன்மையான பங்கு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு. உட்கட்டமைப்புக் கட்டணம் சென்று சேர்வது மாநில அளவிலான ஒரு நிதியத்தில். சாலையும் வடிகாலும் திடலும் பேண வேண்டியது மாநகராட்சி, நகராட்சி, அல்லது ஊராட்சி. அனுமதி கொடுப்பது ஒரு கை. பணம் வாங்குவது ஒரு கை. மண்வெட்டி பிடிப்பது ஒரு கை. இம்மூன்று கைகளும் ஓர் உடலின் கைகளாக இயங்கினால் குறையில்லை. இயங்காதபோது, பூந்தமல்லியில் கட்டிய வீட்டுக்காகக் கொடுத்த பணம் பூந்தமல்லிக்கே வந்ததா என்று சொல்ல எவராலும் இயலாமற் போகிறது. 1992இல் நிறைவேறிய எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம், நகரத் திட்டம், சாலை, குடிநீர் முதலிய பதினெட்டுப் பொருள்களை நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்டுள்ளது. பொறுப்பைக் கொடுக்கும்போது பணத்தையும் கணக்கையும் உடன் கொடுப்பதே முறையாகும்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் டனிடின் என்றொரு சிறு நகரம் உண்டு. அங்கே புதிய வீடுகளுக்கு நீர், கழிவுநீர் இணைப்புக் கொடுக்கும்போது ஒரு தொகை வாங்கினார்கள். கட்டுநர்கள் வழக்குத் தொடுத்தனர். 1976இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு செய்திகளைக் கூறிற்று. புதிதாக வருவோர், அவர்களுக்காக விரிவுபடுத்தும் அமைப்பின் செலவில் தம் பங்கைக் கொடுக்கும்படி கேட்பது முறையே. ஆனால் வாங்கிய பணத்தை அவ்விரிவாக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று நகரின் விதியில் எழுதியிருக்கவில்லை. ஆகையால் அந்த விதி செல்லாது. கொள்கை வென்றது, கணக்கு தோற்றது. இதைவிடச் சிறந்த பாடம் வேறு உண்டோ?

அண்மையில், 2024இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு மற்றொரு வழக்கு வந்தது. கலிபோர்னியாவின் எல் டொராடோ மாவட்டத்தில், முன்கூட்டியே செய்த சிறு வீடொன்றைத் தம் நிலத்தில் வைக்க விரும்பிய ஒருவரிடம், சாலைப் போக்குவரத்துக்கென்று 23,420 டாலர் கேட்டார்கள். அந்த ஒரு வீட்டால் சாலையில் எவ்வளவு நெரிசல் கூடும் என்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அட்டவணையில் இருந்தது, கேட்டார்கள். ஒரு மன்றம் சட்டமாக இயற்றிய அட்டவணை என்பதனாலேயே அது ஆய்வுக்கு அப்பாற்பட்டது ஆகாது என்று நீதிமன்றம் கூறிற்று.

இவற்றிலிருந்து, ஒரு சுமைக் கட்டணத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பதற்குச் சில நெறிகள் கிடைக்கின்றன. மாணவ நேயர்கள் இதை ஒரு கணக்குப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பகுதியில் ஐயாயிரம் வீடுகளுக்குப் போதுமான கழிவுநீர்த் திட்டம் அமைக்கப் பத்துக் கோடி ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். இத்தொகை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் பங்கு இருபதாயிரம் ரூபாய். ஆனால் அந்த ஐயாயிரத்தில் இரண்டாயிரம் வீடுகள் முன்பே இருப்பவை. சாக்கடை இல்லாமல் பல்லாண்டு தவித்தவை. மூவாயிரம் வீடுகளே புதியவை. பத்துக் கோடியையும் அம்மூவாயிரத்தின் தலையில் கட்டலாமா? கட்டலாகாது. பழைய குறையைத் தீர்க்கும் நான்கு கோடி, பொதுவரியிலிருந்தோ அரசின் மானியத்திலிருந்தோ வர வேண்டும். புதியவர் பங்கு ஆறு கோடியே. வந்தவர்மேல் வராதவர் காலத்துக் குறையைச் சுமத்தாமை முதல் நெறி.

அடுத்து, அப்புதிய வீடுகளில் குடியேறுவோர் ஆண்டுதோறும் சொத்துவரி கட்டுவார்கள். அதில் ஒரு பகுதி இத்திட்டத்தின் கடனை அடைக்கவே செல்கிறது என்றால், அவர்கள் ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கொடுத்தவர்கள் ஆவார்கள். அவ்வாறு செல்லும் தொகை வீட்டுக்கு ஐயாயிரம் என்றால், இருபதாயிரத்திலிருந்து அதைக் கழித்துப் பதினையாயிரமே கேட்க வேண்டும். ஒரு பொருளுக்கு இருமுறை வாங்காமை இரண்டாம் நெறி.

பிறகு, அந்தப் பதினையாயிரத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக வைப்பதா? சராசரி வீடு ஆயிரம் சதுர அடி என்றால், சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய் என்று வைக்கலாம். அப்பொழுது நானூறு சதுர அடி வீட்டுக்காரர் ஆறாயிரமும், இரண்டாயிரம் சதுர அடி வீட்டுக்காரர் முப்பதாயிரமும் கொடுப்பர். சிறிய வீட்டிலும் ஐந்து பேர் வாழலாம், பெரிய வீட்டிலும் இருவர் வாழலாம். ஆகவே இது சுமையின் துல்லியமான அளவன்று என்பது உண்மையே. ஆயினும் தலைக்கு இவ்வளவு என்று வைத்தால் எளியவர் முதுகு முறியும். சுமைக்கு ஏற்பவும், சுமக்கும் ஆற்றலுக்கு ஏற்பவும் இரண்டையும் ஒருங்கே நோக்குவது மூன்றாம் நெறி.

இனி, இக்கட்டணத்தை எதிர்ப்போர் கூறுவதையும் நடுநின்று கேட்க வேண்டும். கட்டணம் உயர்ந்தால் வீட்டின் விலை உயரும், முதல் வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பமே அதைச் சுமக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை உண்டு. திடீரென்று கட்டணத்தை உயர்த்தினால், நிலத்தை முன்பே வாங்கிவிட்ட கட்டுநர் அதனை வீட்டின் விலையில் ஏற்றத்தான் முயல்வார். ஆனால் கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு நிலையாக இருந்தால், நிலம் வாங்கும்போதே அவர் அதைக் கணக்கில் கொண்டு, நிலத்துக்குச் சற்றுக் குறைவாகவே விலை பேசுவார். அப்போது சுமையின் ஒரு பங்கு, ஊர் வளர்ந்ததனாலேயே நிலமதிப்பு உயரப் பெற்றவரிடம் செல்கிறது. ஆகவே கட்டணத்தின் அளவைப் போலவே அதன் நிலைத்தன்மையும் முதன்மையானது. மேலும், குழாய் இல்லாத வீட்டை மலிவு என்று கூறுவது எவ்வாறு பொருந்தும்? கட்டணம் கொடாமல் வாங்கிய வீட்டுக்கு மாதந்தோறும் நீர் லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் கொடுப்பதைப் பத்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், மிச்சப்பட்டது எவ்வளவு என்பது விளங்கும்.

கட்டணம் அளவு மீறினால் வேறொரு தீங்கும் நேரும். மக்கள் அனுமதி பெறாத மனைப்பிரிவுகளை நாடுவார்கள். சென்னையைச் சுற்றி நேர்ந்தது இதுவே. வயலைக் கூறுபோட்டு, கல் நட்டு, சாலை என்ற பெயரில் மண்பாதை விட்டு விற்ற மனைகள் ஏராளம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யலாகாது என்று தடைவிதித்தது. 2017 மே மாதத்தில், 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் ஏற்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று முறைப்படுத்தும் விதிகளை அரசு வெளியிட்டது. மனைப்பிரிவை உண்டாக்கி விற்றவர் பணத்தோடு போய்விட்ட பிறகு, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு மனை வாங்கியவர் பதிவுக்கும் முறைப்படுத்துவதற்கும் அலைய நேர்ந்தது. தொடக்கத்தில் கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேளாவிட்டால், முடிவில் கேட்கக்கூடாதவரிடம் கேட்க நேரும். இதற்கு இவ்வரலாறே போதிய சான்று.

இவை எல்லாவற்றிலும் ஆழமான ஒன்று இன்னும் இருக்கிறது. சுமைக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் நாளில், அதைக் கொடுக்கப்போகும் குடும்பம் அந்த ஊரில் இல்லை. அதற்கு அங்கே வாக்கு இல்லை. மன்றத்தில் அதற்காகப் பேச உறுப்பினர் இல்லை. முன்பே இருப்பவர்கள் கூடி, வரப்போகிறவர்கள்மேல் விதிக்கும் தொகை இது. கேட்க ஆளில்லாத இடத்தில் கேட்டதைவிட மிகுதியாக வாங்க ஆசை தோன்றுவது மனித இயல்பு. அத்துடன், முன்பே இருப்பவர்களும் ஒரு காலத்தில் வந்தவர்களே என்பதை மறத்தலாகாது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் அமைத்த ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஏரித் திட்டம் என்றே பெயர். இன்றைய பழங்குடி நேற்றைய புதுக்குடி. அவர்களுக்குத் தெருவும் விளக்கும் அமைத்ததில் பிறருடைய வரிப்பணமும் கலந்திருந்தது. ஆகையால், வருவோரைத் தடுக்கும் மதிலாக இக்கட்டணம் மாறுதல் அறமாகாது. வருவோர்க்கு வழியமைக்கும் பாலமாக அது இருத்தல் வேண்டும்.

இல்லாதவருக்காக யார் பேசுவது? கணக்குத்தான் பேச வேண்டும். கலிபோர்னியாவில் 1987இல் இயற்றிய ஒரு சட்டம், இவ்வாறு வாங்கிய தொகையைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்றும், ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் செலவிடாமல் இருப்பின் அதை இன்னும் ஏன் வைத்திருக்கிறோம் என்று ஊராட்சி காரணம் காட்ட வேண்டும் என்றும், காட்டத் தவறினால் திருப்பித் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. இங்கிலாந்தில் 2010இல் வந்த சமுதாய உட்கட்டமைப்புத் தீர்வையில், கட்டண அட்டவணையை முதலில் வெளியிட்டு, நடுநிலையான ஓர் ஆய்வாளர் முன் வைத்து, பின்னரே நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். தொகையில் ஒரு பங்கு, வழக்கமாக நூற்றுக்குப் பதினைந்து, கட்டடம் எழுந்த அந்தச் சிற்றூருக்கே செல்ல வேண்டும் என்பதும் அங்கே விதியாயிற்று. இவ்விரண்டையும் அப்படியே பெயர்த்து இங்கே நடவேண்டும் என்று நான் கூறவில்லை. அவர்தம் மண் வேறு. நம் மண் வேறு. ஆனால் அவற்றின் உட்பொருளை நாம் கொள்ளலாம். அளந்து வாங்குக, வாங்கியதைத் தனியே வைக்க, வாங்கிய இடத்தில் செலவிடுக, காலத்தில் செலவிடுக, கணக்கை யாவரும் காண வைக்க. நம் ஏரி ஆயத்தின் உட்பொருளும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

இவ்வைந்தும் நிறைவேறினால், ஆவடியில் வீடு வாங்கும் ஒருவர், "நான் கொடுத்த தொகை இந்தத் தெருவின் வடிகாலாக இருக்கிறது" என்று சுட்டிக் காட்ட முடியும். நிறைவேறாவிட்டால், அது கட்டணம் என்ற பெயரைப் பூண்ட மற்றொரு வரியே; அதிலும் கடைசியாக வந்தவர்மேல் மட்டும் விழுகின்ற வரி.

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் இப்பொருளை நெடுந்தொலைவில் உள்ளது என்று எண்ண வேண்டா. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ வேறு எவ்வூரிலோ வீடு தேடப் போகிறவர்கள் நீங்களே. இன்று அந்த மன்றத்தில் இல்லாதவர் என்று நான் சொன்ன அவரும் நீங்களே. உங்கள் ஊரில் ஒரு புதிய கட்டடம் எழும்போது இரண்டு எண்களைக் கேட்டறியப் பழகுங்கள். இதற்காக ஊருக்குச் செலுத்திய தொகை எவ்வளவு? அத்தொகையில் இவ்வூரில் செலவானது எவ்வளவு? உள்ளாட்சியின் வரவுசெலவுத் திட்டம் படிக்க இயலாத மந்திர நூல் அன்று. கூட்டலும் கழித்தலும் தெரிந்த எவரும் படிக்கலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. அவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் குடிமக்கள் மிகுந்த ஊரில் கட்டணம் கட்டணமாகவே இருக்கும். குழாயில் நீரும் வரும். ஏரியும் ஏரியாகவே இருக்கும்.